பால் டேங்க் லோடு

பிப்ரவரி 6, வியாழன்

மச்சான், எப்படி இருக்கிறாய்? கால் குடைச்சல் குறைந்ததா? ராடு வைத்த இடத்தில் எதையும் தடவக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகும் உன் அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறார்களா? வந்தால் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்.

"படுத்த இடத்திலேயே எனக்கு ரோட்டைக் காட்டு மாப்ளே" என்று கிளம்பும்போது நீ கேட்டாய். போனில் சொன்னால் நான் சுற்றிச் சுற்றிப் போகிறேன், உனக்குக் காது சுடுகிறது என்கிறாய். அதனால் உரக்கடையில் கொடுத்த டைரியை எடுத்து வந்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். லாரி முதுகைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினவன். 'ஒலி எழுப்பவும்' என்பதை மட்டும் பிழையில்லாமல் எழுதுவேன். மற்றதை நீ பார்த்துப் படித்துக்கொள்.

இன்று பூனாவுக்குப் பக்கத்தில் லோடு ஏற்றினேன். நம் சொந்த வண்டிக்கு முதல் லோடு. பதினெட்டு வருஷம் அடுத்தவர் வண்டியில் நாம் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினோமே, அப்போதெல்லாம் கேட்டுக்குள் நுழைந்தால் வாட்ச்மேன் "ஓனர் யார்?" என்று கேட்பான், நாம் ஒரு பேரைச் சொல்வோம். இன்றும் கேட்டான். பழக்கத்தில் பழைய ஓனர் பேர் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் "அர்த்தநாரி, நல்லியப்பன்" என்று இரண்டு பேரையும் சொன்னேன். இந்த நல்லியப்பன் எங்கே என்று கேட்டான். வீட்டில் இருந்து கணக்குப் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டேன். உன்னைப் பெரிய ஆளாக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

லோடு என்னவென்றால், பால் குளிர வைக்கும் டேங்க். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும். படுத்த யானை மாதிரி, ஆனால் கண்ணாடி மாதிரி பளபளவென்று. எடை ஆறு டன்தான், உயரம்தான் தொல்லை. அதை நடுவில் வைத்தார்கள். முன்னும் பின்னும் பதினெட்டு டன் இரும்புத் தகடு, கட்டுக் கட்டாக. தகடு ஓசூரில் இறங்கும். டேங்க் திருவண்ணாமலைக்கு வடக்கே வேடக்கொல்லை என்ற ஊருக்குப் போக வேண்டும். டேங்க் கம்பெனிக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் முகத்துக்கு நேரே சொன்னார். ஒற்றை வண்டிக்காரருக்கு நாங்கள் கொடுப்பதில்லை, உங்களுக்கு ஒரு தடவை கொடுத்துப் பார்க்கிறோம் என்றார். பதினோராம் தேதிக்குள், ஒரு கீறல் இல்லாமல் போனால் வருஷம் முழுவதும் டேங்க் லோடு. இல்லையென்றால், மச்சான், நான் மறுபடியும் அடுத்தவர் வண்டியில் ஏற வேண்டியதுதான். நீ எதில் ஏறுவாய் என்று தெரியவில்லை.

வேடக்கொல்லைக்கு முன்னால் ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து போக வேண்டுமாம். பதினாலடி உயரம் என்று சொன்னார்கள். டேங்க் தலைமேல் சட்டம் வைத்து டேப்பைத் தொங்கவிட்டு மூன்று தடவை அளந்தேன். பதிமூன்றடி பத்து அங்குலம். மூன்று விரல் இடம் இருக்கிறது. போதும்.

கட்டு முழுவதும் நானே கட்டினேன். யார்டு ஆட்கள் கை வைக்க வந்தார்கள், விடவில்லை. எட்டுச் சங்கிலி, ஆறு பெல்ட், இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை. நம் லைனில் ஒரு வழக்கம் உண்டே, கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும். லோடு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, எந்தக் கட்டை அதைத் தாங்குகிறது என்பது கட்டினவன் கைக்குத்தான் தெரியும். அடுத்தவன் அவிழ்த்தால் என்ன ஆகும் என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்குப் பைப் லோடை நீ அவசரப்பட்டு அவிழ்த்துத்தான் காலை முறித்துக்கொண்டாய் என்று சங்ககிரி லாரி ஸ்டாண்டில் பேசுகிறார்கள். நீயும் ஆமாம் என்றே சொல்லியிருக்கிறாய்.

அது இருக்கட்டும். கிளம்புகிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

கோலாப்பூர் தாண்டி எழுதுகிறேன். இன்று ஒன்பது டீ குடித்தேன். டீக்கு நிறுத்தும்போது அப்படியே இறங்கி ஒரு சுற்று வந்து ஸ்பானரால் சங்கிலியைத் தட்டிப் பார்ப்பேன். இறுக்கமான சங்கிலி கோயில் மணி மாதிரி பேசும். தளர்ந்த சங்கிலி சளக் என்று சலித்துக்கொள்ளும். எட்டும் மணியாகத்தான் பேசின. இருந்தாலும் அடுத்த இருபது கிலோமீட்டரில் டீக்கு ஆசை வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்து டீ அப்படி. இஞ்சியை நசுக்கிப் போடுகிறார்கள்.

கோலாப்பூர் என்றதும் உனக்கு ஆடு ஞாபகம் வந்திருக்கும். நாம் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு வெள்ளாடு வண்டியில் ஏறி, தார்ப்பாய்க்குக் கீழே படுத்து, நிப்பாணி வரைக்கும் சொகுசாக வந்ததே. செக்போஸ்ட்காரன் பில்லைப் பார்த்துவிட்டு, இதில் ஆடு எழுதவில்லையே என்றானே. பின்னாலேயே ஆட்டுக்காரர் பஸ் பிடித்து வந்து

வேண்டாம். அந்தக் கதையை நான் இப்போது சொல்வதில்லை.

பிப்ரவரி 8, சனி

ஹூப்ளி, தாவணகெரே. வெயில். டீ பதினொன்று. சங்கிலி எட்டும் சரி.

தாவணகெரேயில் நம் பழைய தாபாக்காரர், அந்த ஒற்றைக் கடுக்கன்காரர், உன்னைக் கேட்டார். விழுந்துவிட்டாய் என்று சொன்னேன். எங்கே விழுந்தான் என்றார். வழியில் என்றேன். நாலு மேஜைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த ஆட்டுக் கதையைச் சொல்லுங்கள் என்றார். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாப்பாட்டை இலையில் பாதி வைத்துவிட்டேன் போல. ரசம் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஓசூர். தகடு இறக்கும் தொழிற்சாலைக்கு லீவு. நாளைக் காலைதான். வண்டியைக் கழுவினேன். முன் கண்ணாடிக்கு மேலே நம் இரண்டு பேர் பேரையும் எழுதினார்களே, அதில் உன் பேரில் 'ப்' புள்ளி உதிர்ந்திருக்கிறது. ஊருக்கு வந்ததும் வைக்கச் சொல்கிறேன்.

ருக்குமணி போன் செய்தாள். உன் தங்கைக்குக் கோபம். ஸ்டாண்டில் யாரோ அவள் காதுபடவே, நல்லியப்பன் அவசரக்காரன், வினையை இழுத்துக்கொண்டான் என்று பேசினார்களாம். "எங்கண்ணன் அவசரப்படற ஆளுங்களா? பல்லு தேய்க்கவே அரை மணி நேரம் ஆக்குமே. நீங்க கூட இருந்தீங்கல்ல, ஒரு வார்த்தை சொல்லலாமுல்ல?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

தகடு இறங்கியது. பதினெட்டு டன் போனதும் வண்டி குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. கிருஷ்ணகிரி ரோட்டில் கியர் போடும் வேலையே இல்லை. கொஞ்ச தூரம் பாட்டுக் கூடப் பாடினேன். ஊத்தங்கரையில் புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்தவர்கள் டேங்கில் தங்கள் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்கள். நானும் சீப்பு முடியும்வரை நின்றேன்.

வேடக்கொல்லை பால் நிலையத்துச் செயலாளர் போன் செய்தார். பேர் அஞ்சலாட்சி. ஆறு மாடு வைத்திருக்கிறவர். சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரிப் பேச்சு. பழைய டேங்க் வெடித்துப் பதினொரு நாள் ஆகிறதாம். எட்டு ஊர்ப் பால். சாயங்காலப் பாலை வாங்க ஆள் இல்லை. கன்றுக்குட்டிகளெல்லாம் பால் குடித்தே பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டதாம், மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றுகிறார்களாம். நாளைக்கு வேலூரிலிருந்து கிரேன் வருகிறது. சாயங்காலம் மூன்று மணிக்குப் போய்விடும். அதை விட்டால் பத்து நாள் கழித்துத்தான்.

பத்து மணிக்கே வந்து நிற்பேன் என்று சொன்னேன். பாலம் பதினாலடிதானே என்று கேட்டேன். ஆமாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று தடவை அளந்தவனிடம் பாலம் என்ன செய்யும்?

பிப்ரவரி 11, செவ்வாய், காலை பத்தே கால்

மச்சான், மாட்டிக்கொண்டேன்.

அதே நாள், மதியம்

இப்போது மணி இரண்டு. நிதானமாகச் சொல்கிறேன். கிரேன்காரர்கள் கிரேனுக்குக் கால் ஊன்றிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு நேரம் ஆகும்.

காலையில் பாலத்துக்கு வந்தேன். பாலத்துக்கு ஐம்பதடி முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே உயரத் தடுப்பு, மஞ்சளும் கறுப்பும் அடித்த இரும்பு விட்டம். அதில் இடிக்காமல் போனால் பாலத்திலும் இடிக்காது. நான் டேங்க் தலையைப் பார்க்கிறேன், விட்டத்தைப் பார்க்கிறேன். கண்ணுக்கே தெரிகிறது, போகாது. இறங்கி அளந்தேன். விட்டம் சரியாகப் பதினாலடி. ஒரு நூல் குறையவில்லை. டேங்க்தான் பதினாலடிக்கு மேலே இரண்டு விரல்.

டேங்க் எப்படி மச்சான் வளரும்? நீ இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். ஆமாம், அதேதான். பூனாவில் அளந்தபோது பதினெட்டு டன் தகடும் வண்டிமேல் இருந்தது. அடியில் ஸ்பிரிங் பட்டையெல்லாம் நசுங்கி வண்டி குனிந்து நின்றது. ஓசூரில் தகடு இறங்கியதும் பட்டை நிமிர்ந்து வண்டி ஐந்து விரல் மேலே வந்துவிட்டது. குளித்த பிள்ளை மாதிரி என்று எழுதினேனே, அந்தப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டது. பாட்டுப் பாடின நேரத்தில் ஒரு தடவை டேப்பைத் தொங்கவிட்டிருக்கலாம். வண்டி ஓட்டத் தெரியாதவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். முப்பது வருஷம் ஓட்டினவன்தான் செய்வான்.

சுற்றுவழி ஒன்று இருந்தது. அங்கே கால்வாய்ப் பாலத்தில் வேலை நடக்கிறது, கனத்த வண்டி விட மாட்டார்கள். டயரில் காற்றைக் குறைத்தேன். குறைக்கிற அளவுக்குக் குறைத்தால் ஒரு விரல் இறங்கியது. அதற்குமேல் குறைத்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். இன்னும் ஒரு விரல் பாக்கி.

அதற்குள் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். டேங்க் வருகிற அழகைப் பார்க்க எட்டு ஊரும் காலையிலிருந்து நிலையத்தில் காத்திருந்ததாம். முன்னால் அஞ்சலாட்சி. ஐம்பது வயது இருக்கும், ஒல்லி, இடுப்பில் சாவிக்கொத்து. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்த ங்க ங்க டிரைவரா? இன்னா ஆச்சு?" போனில் நான் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டது அவர் காதில் நின்றுவிட்டது.

சொன்னேன். மறைக்காமல் என் தப்பையும் சேர்த்தே சொன்னேன். கூட்டத்தில் ஒருவர், டேங்கில் தண்ணீர் நிரப்பினால் வண்டி இறங்குமே என்றார். புத்திசாலிதான். ஆனால் டேங்கின் வாயெல்லாம் சீல் வைத்திருக்கிறது, அதை உடைக்க எனக்கு அதிகாரம் இல்லை. உடைத்தாலும் பாதித் தண்ணீர் உள்ளே அலம்பினால் எந்தச் சங்கிலியும் நிற்காது. இன்னொருவர் கல் ஏற்றலாம் என்றார். ஏரிக்கரையில் கல் கிடக்கிறது, ஆனால் தூக்கி வந்து ஏற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். மணி அப்போதே பதினொன்று.

அஞ்சலாட்சி விட்டத்தைப் பார்த்தார், கூட்டத்தை எண்ணுகிற மாதிரிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"கல்லு தூக்க அம்பது பேரு வேணும். அந்த அம்பது பேரே ஏறிக் குந்திக்கினா இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேங்குக்கு முன்னும் பின்னும் காலித் தளம், அதில் மனுஷர்கள், நடுவில் ஆறு டன் இரும்பு, அதைப் பிடித்திருப்பது நான் கட்டின கட்டு. உடனே ஒரு டீ குடிக்க வேண்டும்போல இருந்தது. வெயிலில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது, சட்டம் இருக்கிறது என்றேன். இருநூறடி தூரத்துக்கு என்ன சட்டம் என்றார்கள். என் வண்டியில் லோடு பக்கத்தில் ஆள் உட்கார விட மாட்டேன், அது என் வழக்கம் என்றேன். எப்போதிலிருந்து என்று அந்த அம்மாள் கேட்டார். நாலு மாசமாக என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார்.

"தோ பாரு, டிரைவரே. எங்கூட்ல சாயந்தரம் பதினேழு லிட்டரு. பதினோரு நாளா என் கையாலயே வாய்க்கால்ல ஊத்தறேன். ஊத்தும்போது கண்ண மூடிக்குவேன். நீ பயப்படு, வேணான்னு சொல்லல. பயந்துக்கினே ஓட்டு."

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். ஒரே நிமிஷம் பேசினோம், உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் நான் எழுதி வைக்க வேண்டும். நான் நீளமாக ஆரம்பித்தேன். ஓசூரிலிருந்து ஆரம்பித்தேன். நீ நடுவில் வெட்டினாய்.

"மாப்ளே, கட்டுனது ஆரு?"

"நாந்தான்."

"முச்சூடும் நீயா?"

"ஒரு ஆளையும் கை வெக்க உடல."

"அப்பொறம் என்ன? ஏத்து."

வைத்துவிட்டாய்.  அப்புறம் ஸ்பானரை எடுத்து எட்டுச் சங்கிலியையும் தட்டினேன். கூட்டம் பேச்சை நிறுத்திக் கேட்டது. எட்டும் மணி. பெல்ட் ஆறையும் இன்னொரு பல் இறுக்கினேன். முட்டுக்கட்டைக்கு ஆணி அடித்தேன். அப்புறம்தான் ஏறச் சொன்னேன்.

மச்சான், அதை நீ பார்த்திருக்க வேண்டும். முன் பக்கம் பொம்பளையாட்கள், பின் பக்கம் ஆம்பளையாட்கள். டேங்க் பக்கம் முதுகு, எல்லோர் முகமும் வெளியே. யாரும் எழுந்திருக்கக் கூடாது, டேங்கைத் தொடக் கூடாது, தலையை முட்டிக்கு நடுவில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். அறுபத்திரண்டு பேர். குண்டான ஆட்களைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். மளிகைக்கடைக்காரர் ஒருவர் வந்தார், அவர் ஏறியதும் வண்டி தனியாக ஒரு முனகு முனகியது. "மாமா, உன்ன மாதிரி இன்னும் ரெண்டு பேரு இருந்தா நாங்கல்லாம் வூட்டுக்குப் போயிடலாம்" என்று ஒரு பெண் சொன்னாள். அவர் கோபப்படவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த உடம்பு ஊருக்கு உபயோகப்படுகிறது என்று பெருமையாக உட்கார்ந்துகொண்டார்.

அளந்தேன். விட்டத்துக்கும் டேங்குக்கும் சமம். மயிரிழை இடமும் இல்லை. உரசினால் கீறல் விழும். கீறல் விழுந்தால் கம்பெனிக்காரர் சொன்னது முடிந்தது.

"கேன எடுத்தாங்கடி" என்றார் அஞ்சலாட்சி.

காலைப் பால், மச்சான். நிலையத்தில் நிறைந்து நின்ற கேன்கள், நாற்பது லிட்டர் கேன். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பாலத்துக்கு அடியில் தூக்கி வந்தார்கள். முப்பத்தொரு கேன். மடியில் ஒன்று, காலுக்கு நடுவில் ஒன்று என்று அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மறுபடி அளந்தேன். ஒரு தினத்தந்திப் பேப்பரை எட்டாக மடித்து நுழைத்தால் போய் வந்தது.

அஞ்சலாட்சி பக்கத்துக் கரைமேல் ஏறி, கண்ணை விட்டத்துக்கு நேரே வைத்து நின்றுகொண்டார். நான் சீட்டில் உட்கார்ந்தேன். முதல் கியர். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவில்லை, கிளட்சை மட்டும் விட்டேன். நீ சொல்வாயே, முட்டை மேல் நடக்கிற மாதிரி என்று, அப்படி. கண்ணாடியில் ஓரமாக உட்கார்ந்தவர்களின் குனிந்த தலை தெரிந்தது. ஒரு தலையும் அசையவில்லை. அந்தச் சத்தக்காரப் பெண்கள் மூச்சுகூட விடவில்லை.

"வா. வா. வா. நில்லு."

நின்றேன். ஒரு கைப்பிள்ளை அழுதது. எவளோ மடியில் பிள்ளையோடு ஏறியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அழுகையில் அவள் அசைந்தாள், கேன் ஆடியது, அவ்வளவுதான். சங்கிலி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வா. வா. இன்னும் வா. உடாத, வா."

விட்டம் தாண்டியது. பிறகு பாலம். பாலத்துக்கு அடியில் இருட்டாக, குளுகுளுவென்று இருந்தது. மேலே ரயில் ஏதும் வரவில்லை. பாதித் தூரத்தில் யாரோ ஒரு கிழவர் கோவிந்தா என்றார். நான் அதட்டுவதற்குள் அறுபத்திரண்டு பேரும் கோவிந்தா என்றார்கள். பாலம் அதைத் திருப்பிச் சொன்னது.  அந்தப் பக்கம் வெயிலில் மூக்கை நீட்டினபோது மணி பன்னிரண்டு நாற்பது.

நிறுத்தி இறங்கி டேங்க் தலையைத் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. எட்டுச் சங்கிலியையும் தட்டினேன். எட்டும் மணி. எல்லோரையும் இறங்கச் சொன்னேன். ஒருவரும் இறங்கவில்லை. நிலையம் இன்னும் அரைக் கிலோமீட்டர்தானாம், வெயிலில் கேனைத் தூக்கி நடக்க முடியாதாம், ஓட்டு ஓட்டு என்கிறார்கள். அவர்களாகவே இறங்கட்டும் என்று டயருக்குக் காற்று ஏற்ற ஆரம்பித்தேன். அதுவரைக்கும் சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் இருந்தவர்கள் தேர் வருகிற மாதிரி வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றிவிட்டார். நம் வண்டிக்கு, மச்சான். முன் கண்ணாடிக்கு மேலே உன் பேருக்கும் என் பேருக்கும் நேரே.

டேங்க் கம்பெனிக்காரருக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. அடுத்த வாரம் இரண்டு டேங்க் இருக்கிறது, பெரியது, வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். கூடவே, வண்டியில் ஏன் இத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, நீ யோசித்து வை. கணக்குப் பார்க்கிறவன் நீதானே.

கிரேன்காரர்கள் இன்னும் பலகை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் ஒன்றை எழுதிவிட வேண்டும். நாலு மாசமாக எழுத வேண்டியது. ஊருக்கு வந்ததும் ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன், ருக்குமணிக்கும் சொல்லப் போகிறேன். ஆனால் முதலில் நீ படிக்க வேண்டும்.

அன்றைக்குப் பைப் லோடைக் கட்டினது நான். நடுவில் ஒரு கட்டையைச் சாய்த்து வைத்திருந்தேன், அது எனக்கு மட்டும்தான் தெரியும். இறக்குகிற இடத்தில் அவசரப்படுத்தினார்கள். நீ வண்டிக்குப் பக்கத்தில் நின்றாய். நான் ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் டீக்கடையில் பத்துப் பேருக்கு அந்த ஆட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கி என் சட்டையைப் பிடிக்கிற இடம். அந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிப்பார்கள்.

நீ என்னைக் கூப்பிட்டாய். இரண்டு தடவை. எனக்குக் கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன்.

மச்சான், கேட்டது. இரண்டு தடவையும் கேட்டது. இந்த ஒரு இடத்தைச் சொல்லி முடித்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டினேன், நீ பார்த்தாயோ என்னவோ. நீ அவசரக்காரன் இல்லை. நீ எனக்காக நின்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சங்கிலியில் கை வைத்தாய். இன்று காலை போனில் கட்டினது யார் என்று நீ கேட்டபோது

அஞ்சலாட்சி கூப்பிடுகிறார். "டிரைவரே, கிரேன் ரெடி. எழுதறத எழுது, சங்கிலிய எங்க ஆளுங்களே அவுத்துக்கறாங்க" என்கிறார். இல்லைங்க அம்மா, யாரும் தொடாதீங்க, நான் இதோ, கட்டினவன்தான்